பலனில்லையா, ஆள் போதவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் மருத்துவப் பக்கத்தில் ‘இந்தச் சிகிச்சையால் பலனில்லை என ஆய்வில் தெரிந்தது’ என்று செய்தி வரும்போதெல்லாம் ஓர் எண்ணைத் தேடுவேன்: எத்தனை பேரை வைத்து ஆய்வு செய்தார்கள்? பெரும்பாலும் அது இருக்காது.

ஒரு முதுநிலை மாணவி, ஒன்றரை வருடம் தரவு சேகரித்து முடித்த பிறகு என்னிடம் வந்தார். அறுவை சிகிச்சைப் புண்ணில் சீழ் பிடிப்பதைப் புதிய கட்டு முறை குறைக்கிறதா என்பது அவருடைய கேள்வி. பழைய முறையில் 30 பேர், புதியதில் 30 பேர். 30 சதவீதம் 20 ஆகக் குறைந்தாலே பெரிய விஷயம் சார் என்றார். உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தை, பலனே இல்லாதபோது இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிடும் வாய்ப்பை வழக்கம்போல் 5 சதவீதத்துக்குள் வைத்து, 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 290 பேர் வேண்டும். முப்பது முப்பது பேரை வைத்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம்தான். புதிய முறை நிஜமாகவே அந்த அளவு வேலை செய்தாலும், இப்படி நூறு ஆய்வு நடத்தினால் எண்பத்தைந்தில் அது பிடிபடாது. அவருடைய ஆய்விலும் பிடிபடவில்லை. ‘பலனில்லை’ என்றே ஆய்வேட்டில் ஏறிவிட்டது. நம்பிக் கையெழுத்துப் போட்ட அந்த 60 நோயாளிகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

முன்கூட்டியே வருகிறவர்களிலும் சிலர், “60 வருகிற மாதிரி கணக்குப் போட்டுக் கொடுங்கள் சார்” என்பார்கள். 30 சதவீதம் ஏறக்குறைய 4 ஆகக் குறையும் என்று எழுதிக்கொண்டால் கணக்கு 60-க்கு வந்துவிடும். அவ்வளவு குறையும் என்று கேட்பவரே நம்புவதில்லை. எவ்வளவு குறைந்தால் நோயாளிக்கு நன்மை என்பதை மருத்துவர் முதலில் சொல்ல வேண்டும்; ஆள் கணக்கு அதிலிருந்துதான் வர வேண்டும். தேடும் வித்தியாசம் பாதியானால் ஆள் ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும்.

1978-லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இப்படிப் ‘பலனில்லை’ என்று முடிந்த 71 ஆய்வுகளை அலசி ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 50 ஆய்வுகளில், 50 சதவீத முன்னேற்றம் இருந்திருந்தாலும் அது தவறிப்போக 10 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தது.

எனவே ஒரு வேண்டுகோள். எத்தனை பேர், எவ்வளவு வித்தியாசத்தைக் காணத் திட்டமிட்டார்கள் என்பதை ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். அந்த விவரம் கிடைக்காத இடத்தில், ‘பலனில்லை’ என்பதற்குப் பதிலாக ‘பலன் இருப்பதாக இந்த ஆய்வில் தெரியவரவில்லை’ என்றாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்