அடிக்கடி ‘லோ’ ஆகிறவர்கள் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சர்க்கரை நோய்ப் பக்கங்களில் கண், சிறுநீரகம், கால் புண் என்று எல்லாம் விரிவாக வந்திருந்தன. அத்தனையும் சர்க்கரை ஏறினால் வருபவை. இறங்கினால், அதாவது ‘லோ’ ஆனால்? ‘உடனே இனிப்பு சாப்பிடவும்’ என்று ஒரே வரி!

மருந்துக்கடைக்காரன் என்பதால் சொல்கிறேன். மடிப்பு கிழிந்து செலோடேப் ஒட்டிய பழைய சீட்டோடு பெரியவர்கள் வருவார்கள். அது எழுதிய காலத்தில் வயிறார உண்டவர், இப்போது இரவுக்கு இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார். மாத்திரை மட்டும் அதே அளவு. சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு வகையறா மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் தங்கும். சஷ்டி, ஏகாதசிப் பட்டினியிலும் அதை விடாமல் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால், “லோ ஆச்சு தம்பி, ஒரு வாய் சர்க்கரை போட்டேன், சரியாப்போச்சு.”

சரியாகப் போவதில்லை. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது வரும் வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. அடிக்கடி இறங்கினால், அந்த மணியை அடிக்கும் அட்ரினலின் சுரப்பு மழுங்கி, மணி அடிக்காமலே மயக்கம் வரும். விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். இதயத் துடிப்பு தடம் மாறலாம். மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்த முதியவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் கூடுதலாக வந்ததை 2009-இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு காட்டியது. (மறதியால் மாத்திரையை இருமுறை விழுங்குவோரும் உண்டு, எது முதலில் என்ற விவாதம் இருக்கிறது.) மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (HbA1c) 6 சதவீதத்துக்குக் கீழே இறக்கப் பார்த்த அமெரிக்க ‘அக்கார்ட்’ ஆய்விலோ, இறப்பு கூடியதால் 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சையையே பாதியில் நிறுத்தினார்கள்.

தளர்ந்த முதியவர்களுக்கு அந்தச் சராசரி 8 வரை இருக்கலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். பக்கத்து வீட்டுக்காரருக்கு 6 என்பதால் தாத்தாவுக்கும் 6 வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பதைப் பார்க்கிறேன். இரவில் பனியன் நனைவது, கெட்ட கனவு, காலையில் தலைவலி இருந்தால் தூக்கத்தில் இறங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இறங்கிய நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டினால் அளவை மாற்றுவார். சில வாரம் ‘லோ’ ஆகாமல் பார்த்துக்கொண்டாலே, மழுங்கிய எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பிவிடும்.

அடுத்த இதழில் இதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில். படிக்க வேண்டியவர்களுக்குக் கண்ணும் மங்கல்.

– மருந்துக்கடை வாசகர், கும்பகோணம்