கற்றாழை ஊற்றியதும் ஜெல் இளகியது ஏன்?

அன்புள்ள கயலுக்கு,

கெட்டியாக நின்ற ஜெல் கற்றாழைச் சாறு ஊற்றியதும் தண்ணீராகிவிட்டது என்று எழுதியிருந்தாய். பவுடர் விற்ற கடைக்காரரைத் திட்டாதே, அதில் தப்பில்லை.

நீ ஜெல்லுக்குப் போட்ட அந்தப் பவுடர், அதாவது கார்போமர், தண்ணீரில் விழுந்தவுடனே கெட்டிப்படாது. அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சுருண்டு கிடக்கும்; கரைசல் பி.எச். (அமில, கார அளவு) 3 அளவில் அமிலமாக இருக்கும். ட்ரைஎத்தனாலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 6-க்குக் கொண்டுவந்தாய் அல்லவா, அப்போதுதான் சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் ஏறுகிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிந்து, தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. நூறு கிராமுக்கு அரை கிராம் பவுடரே போதும் என்பது இதனால்தான். உப்பு வந்தால் எல்லாம் போச்சு. அதன் அயனிகள் மின்னூட்டத்தை மறைத்துவிட, சங்கிலிகள் மறுபடி சுருங்கிவிடும். கற்றாழைச் சாற்றில் பொட்டாசியமும் கால்சியமும் இருக்கின்றனவே. சில ஜெல்கள் வியர்த்த தோலில் பட்டதும் நீராக ஓடுவதும் இதனால்தான். அதையே "உடனே உள்ளே இறங்குகிறது" என்று விளம்பரம் செய்வது தனி சாமர்த்தியம்!

கற்றாழைக்கு சாந்தன் கம் எடுத்துக்கொள். பாக்டீரியா சர்க்கரையை நொதிக்கவைத்துத் தரும் பசை அது. உப்புக்கு அவ்வளவாக அசராது. நேரே தண்ணீரில் கொட்டினால் உப்புமா ரவைபோலக் கட்டி தட்டும். முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டு, அப்புறம் தண்ணீரில் கலக்கு. ஒரு சதவீதத்தைத் தாண்டாதே, கையில் வழவழவென்று இழுக்கும்.

க்ரீமில் எண்ணெய் மேலே மிதக்கிறது என்றாயே, அதற்குக் கம்மைக் கூட்டிப் பயனில்லை. நீர்ப்பகுதி கெட்டியாக இருந்தால் எண்ணெய்த் துளிகள் மேலே ஏற நேரமாகும், அவ்வளவுதான். அவை ஒன்றோடொன்று சேராமல் தடுக்க எமல்சிஃபையர், அதாவது எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள், வேண்டும். நீ போட்ட செட்டில் ஆல்கஹால் என்ற மெழுகுப் பொருள் அதற்குத் துணை நிற்கும், தனியாகத் தாங்காது.

கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் வேண்டாம் என்கிறாயே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கற்றாழையும் கம்மும் பூஞ்சைக்கு நல்ல தீனி. விற்கிற யோசனை இருந்தால் சில பாட்டில்களை 40 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம் வைத்து, பிரியாமல் கெடாமல் நிற்கிறதா என்று பார். 2020 அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமமும் வாங்க வேண்டும்.

எந்த எமல்சிஃபையர், எத்தனை சதவீதம் போட்டாய் என்று எழுது. பி.எச். தாளை நம்பாதே, ஒரு மீட்டர் வாங்கிக்கொள். பணம் நான் அனுப்புகிறேன்.

அப்பா