பகல் 11 மணித் தண்ணீர் செடிக்கு ஆகாது: குடிநீர் வழங்கல் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் வந்த உங்கள் தண்ணீர்க் கட்டுப்பாட்டு ஆணையைப் படித்தோம். அணை கிடக்கும் கிடப்பு, தள்ளிக்கொண்டே போகும் மழை, முறை வைத்துத் தண்ணீர் விடவேண்டிய நெருக்கடி எல்லாம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கட்டுப்பாடே வேண்டாம் என்று கேட்க வரவில்லை. ஒரே ஒரு பத்திதான் எங்களை எழுத வைத்தது. வீட்டுத் தோட்டங்களுக்குப் பகல் 11 முதல் 1 மணி வரை கையில் பிடித்த ஹோஸால் தண்ணீர் விடலாமாம். சொட்டுநீர் உட்பட, ஆள் நில்லாமல் ஓடும் எதுவும் கூடாதாம். கண்காணிக்க வசதியான நேரம் என்று காரணமும் போட்டிருக்கிறீர்கள். செடிகளுக்கு அலுவலக நேரம் பழக்கமில்லை, அதுதான் சிக்கல்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: நேரத்தைக் காலை 6 முதல் 8 என்று மாற்றுங்கள், சொட்டுநீரை அனுமதியுங்கள். வேண்டுமானால் ஹோஸை அடியோடு தடை செய்யுங்கள். யாரும் முணுமுணுக்க மாட்டோம்.

ஏன் என்பதற்கு ஒரு தொட்டியைப் பார்த்தால் போதும். தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. அப்படிக் காய்ந்த கலவை தண்ணீரை உடனே உறிஞ்சாது. அந்தத் தொட்டியில் ஹோஸைத் திறந்தால் தண்ணீர் இடைவெளி வழியாக இறங்கி, சில நொடிகளில் அடி ஓட்டையில் வந்துவிடும். மேலே ஈரம், கீழே ஒழுகல், விட்டவருக்குத் திருப்தி. நடுவில் வேர் இருக்கும் உருண்டை மட்டும் அப்படியே காய்ந்து கிடக்கும். மறுநாள் இலை தொங்கியதும் இன்னும் கொஞ்சம் விடுவார்கள், அதுவும் ஒழுகும். இதைச் சரிசெய்ய எளிய வழி இரண்டு. சிறிய தொட்டி என்றால் வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி நிற்கும்வரை வைக்க வேண்டும், சுமார் அரை மணி நேரம். தூக்க முடியாத தொட்டிக்கு மெதுவாகச் சொட்ட வேண்டும். மணிக்கு 2 லிட்டர் சொட்டும் டிரிப்பர் (சொட்டுநீர்க் குழாயில் மாட்டும் சிறு முனை) ஒன்று, ஒரு மணி நேரம். அந்த வேகத்தில்தான் நார்க்கழிவு ஊறி, உப்பி, இடைவெளியை மூடும். நீங்கள் தடை செய்திருப்பது இதைத்தான்.

தரையில் நிற்கும் இளம் எலுமிச்சைக்கும் இதே கதி. வாரம் ஒருமுறை 24 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் நான்கை, தண்டை ஒட்டி வைக்காமல் கிளை நுனிகளுக்கு நேர் கீழே வட்டமாக வைத்தால், எழுதியிருக்கும் வேகத்தில் சொட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் முழுவதும் வேருக்குப் போகும். சாதாரண ஹோஸ் நிமிடத்துக்கு 15 லிட்டராவது கொட்டும். இரண்டு நிமிடம் ஆவதற்குள் 24 லிட்டரும் முடிந்துவிடும், பொருக்குத் தட்டிய மண்ணில் பாதி நடைபாதைக்கு ஓடிவிடும். மீதியில் ஒரு பங்கை உச்சி வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்ளும். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது கொதிநீர், அது தனிக் கதை.

தக்காளி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஒருநாள் காயவிட்டு, ஒருநாள் வெள்ளமாக விட்டால் செடியால் சுண்ணாம்புச் சத்தைக் காய் நுனிவரை கொண்டுபோக முடியாது. காயின் அடி கறுத்து அழுகும். அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் இருக்கிறார்கள். மருந்து எதற்கு, தண்ணீர் ஒரே சீராகப் போனால் போதும்.

ஆள் இல்லாமல் ஓடினால் வீணாகுமே என்ற உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இணைப்புக் கழன்று குழாய் பீய்ச்சி அடிப்பதும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு வழி இருக்கிறது. சொட்டுநீரை நேராகக் குடிநீர் இணைப்பில் மாட்டக் கூடாது, 200 லிட்டர் டிரம்மில்தான் மாட்டலாம் என்று விதி போடுங்கள். டிரம்மை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, தண்ணீர் வெளிவரும் வாயில் வடிகட்டியும் குழாய் முனையில் திறந்து கழுவும் மூடியும் போட்டால் போதும். அந்த உயரத்தில் தண்ணீரின் அழுத்தம் சுமார் 0.1 பார் (bar, அழுத்த அலகு) மட்டும்தான் இருக்கும். அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர் (அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டும் வகை) சரியாக வேலை செய்யாது, சாதாரண டிரிப்பரும் எழுதியிருக்கும் அளவைவிடக் குறைவாகவே சொட்டும். இரண்டு மணி நேரமாவது வேண்டும் என்று கேட்பது அதனால்தான். எது கழன்றாலும் டிரம் காலியானதும் நின்றுவிடும். 200 லிட்டருக்கு மேல் வீணாக வழியே இல்லை.

ஆள் இல்லாமல் ஓடுவதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தெருமுனையில் உடைந்த உங்கள் பெரிய குழாய் புகார் கொடுத்த பின்னும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. அந்தப் பத்தி அதற்கும் பொருந்துமா? அது ஓடும் தரையில் புல் மட்டும் நல்ல பசுமையாக இருக்கிறது. மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

எங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். மண்ணின் மேல் 7 செ.மீ. மூடாக்கு (காய்ந்த இலைதழைப் போர்வை), தண்டைத் தொடாமல். தொட்டிகளுக்கு மேல் 50 சதவீத நிழல்வலை. தழைச்சத்து உரம் நிறுத்தம், ஏனென்றால் இப்போது வரும் இளந்தளிர் இருக்கும் தண்ணீரையும் குடித்துவிடும். குளித்த தண்ணீர் மரங்களுக்குப் போகிறது, பச்சையாகத் தின்னும் கீரைக்கு இல்லை. ஒரு நாளுக்கு மேல் தேக்குவதும் இல்லை. துணி துவைத்த தண்ணீரைத் தொடர்ந்து விட்டால் சோடியம் ஏறிக் களிமண் இறுகிவிடும் என்பதால் அதில் கவனம்.

மழை வந்தாலும் உங்கள் தயவு கொஞ்சம் வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், முதல் அழுக்குத் தண்ணீரைக் கழித்துவிட்டாலும் 800 லிட்டர் அளவுக்குப் பிடிக்கலாம். பிடித்து வைக்கும் பீப்பாய்களைக் கொசுவின் பெயரால் கவிழ்க்காதீர்கள். கொசு நுழையாத வலையால் வாயை இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் தாராளமாக அபராதம் போடுங்கள்.

ஆகவே, அடுத்த முறைத் தண்ணீர் விடுவதற்குள் அந்தப் பத்தியை மட்டும் திருத்தித் தாருங்கள். காலை 6 முதல் 8. டிரம்மில் மாட்டிய சொட்டுநீருக்கு அனுமதி. வீட்டுக்கு எத்தனை லிட்டர் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவை எந்தச் செடிக்கு எப்படிப் பிரிப்பது என்பதை எங்களிடம் விடுங்கள். திருத்த முடியாது என்றால் காரணத்தையாவது எழுத்தில் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டக்காரர்கள்