எங்கள் தெரு வாறுகால் எங்கே போய் விழுகிறது?

எங்கள் திருநெல்வேலி மாநகரின் மழைநீர் வடிகால் திட்டத்தைத் தீட்டும் பொறியாளர்களுக்கும், அதில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம், ஒரு குளத்துக்குக் கீழே இருக்கும் தெருவிலிருந்து எழுதுகிறேன். எந்தக் குளம், எந்தத் தெரு என்று உங்களுக்கே தெரியும். எங்கள் மனுக்கள் உங்கள் மேசையில்தான் கிடக்கின்றன.

போன மாதம் இங்கே புது வாறுகால், அதாவது தெருவோர வடிகால், கட்டி முடித்தார்கள். கான்கிரீட் சுவர், மேலே சிலாப் என்று பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருமுனையில் ஒரு காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. அடுத்து வந்த முதல் மழையில் மெயின் ரோட்டுத் தண்ணீர் முழுக்க அதன் வழியாகவே எங்கள் தெருவுக்குள் இறங்கியது. முன்பெல்லாம் எங்கள் தண்ணீர் மட்டும்தான் எங்களிடம் தேங்கும். இப்போது விருந்தாளித் தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

கேட்கப் போனால், "வரலாறு காணாத மழைக்கு நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள். ஐயா, 2023 டிசம்பர் 17, 18 எங்களுக்கும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசையே தண்ணீர் சூழ்ந்தது. அந்த மழையை எந்த வாறுகாலும் தாங்காது, அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் கேட்பது ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பெய்துவிட்டுப் போகிற சாதாரண மழையைப் பற்றி.

அந்தச் சாதாரண மழைக்கு என்ன நடக்கிறது என்பது டிவியில் வராது. மழை வலுத்ததும் கக்கூஸ் கோப்பைக்குள் களக் களக்கென்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் சாக்கடை மேலே ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணல் மூட்டை தயாராக இருக்கிறது, கோப்பையின் வாயை அடைக்க. அடைத்தாயிற்று, சரி, அப்புறம் வீட்டில் உள்ளவர்கள் எங்கே போவது? மாடி வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் போகிறோம். எதிர் வீட்டு ஆச்சிக்கு முட்டுவலி, படி ஏற முடியாது. வானம் கறுத்தால் மத்தியானத்திலிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையை எச்சில் கூட்டி விழுங்குகிறார். உங்கள் திட்ட அறிக்கையில் இதற்கு ஒரு வரியாவது உண்டா?

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: மட்டத்தை, அதாவது எது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுங்கள். எங்கள் தெருவின் மட்டம் என்ன, வாறுகாலின் அடிமட்டம் என்ன, அது கடைசியில் விழுகிற இடத்தின் மட்டம் என்ன, தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது ஆற்றின் மட்டம் என்ன? சிமெண்ட் கலக்குவதற்கு முன்னால் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் பாசனத்துக்கு வெட்டியவை. வயலுக்கு வயல் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போவதால் பாசனக் கால்வாய் போகப் போக ஒடுங்கும். வடிகால் அதற்கு நேர்மாறு, தெருத் தெருவாகத் தண்ணீர் சேரச் சேர அகலமாக வேண்டும். வயல்கள் மனைகளாகிவிட்டன, மடைகள் மூடிப்போயின, சாக்கடையும் மழைத்தண்ணீரும் அதே கால்வாய்க்குள் விழுகின்றன. ஒடுங்குகிற பக்கம் இருப்பவன் வீட்டில் தண்ணீர் ஏறாமல் என்ன செய்யும்? ஆறு நிறைந்து போகிற நாளில் ஆற்றில் விழ வேண்டிய ஓடை எதிர்த்துத் திரும்பும். ஓடை வாயில் ஷட்டர் வேண்டும், அதை அடைத்தபின் உள்ளே நிற்கிற தண்ணீரை இறைக்க மோட்டார் வேண்டும். குளம் நிறைந்தால் வழிந்து வரும் மறுகால் தண்ணீர் போக ஓடை வேண்டும். நாம்தான் வேய்ந்தான்குளத்தில் பஸ் ஸ்டாண்டே கட்டியவர்கள் ஆயிற்றே, ஓடைக்கு எங்கே இடம் விடப்போகிறோம்!

குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுக்குள்ளேயே கட்டினார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்துதான், தண்ணீர் பிளந்து போகட்டும் என்று மதிலைப் படகின் முனை மாதிரி அமைத்தார்கள். வெள்ளம் ஏறினால் உற்சவரைக் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடலாம். எங்களுக்கு மேலக்கோயில் கிடையாது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே ரோடு போட்டுப் போட்டு, எங்கள் வாசற்படியும் இப்போது தரையோடு தரையாகிவிட்டது. அது தனிக் கதை, அதற்கு இன்னொரு மடல் எழுத வேண்டும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மட்ட விவரத்தை ஐப்பசிக்கு முன்னால் வார்டு ஆபீஸ் பலகையில் ஒட்டும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் முட்டி நிற்கும் எங்கள் வாறுகாலை எந்த ஓடையில் சேர்க்கப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். மட்டம் பார்க்க ஆள் அனுப்பினால் காலையில் வரச் சொல்லுங்கள். குளத்தின் பழைய மறுகால் ஓடை எந்தெந்த வீட்டுக்கு அடியில் போகிறது என்று கூடவே நடந்து காட்ட எங்கள் தெருவில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாறுகாலின் முட்டுச்சந்தில் குடியிருப்பவன்