மனை வாங்கும் முன் தண்ணீரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூருக்கு வெளியே சர்ஜாபூர், அத்திப்பள்ளி, ஒசகோட்டைப் பக்கத்து மனை விளம்பரங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வராத வாரமில்லை. அவற்றைப் பார்த்துவிட்டு நகரத்துக்குள் அல்சூரிலிருந்தும் விவேக் நகரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் ஆனேக்கல் தாலுகாப் பக்கம் வந்து சுற்றிப் பார்க்கின்றன. "கிராமத்தில் இருப்பது எப்படி?" என்று கேட்கிறார்கள். காற்று நன்றாக இருக்கும், வாடகை குறைவு, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் நகரத்தில் வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் காரியங்களை இங்கே நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் முதலாவது தண்ணீர். விளம்பரங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

2007இல் பெங்களூரு மாநகராட்சியோடு 110 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அந்த 110 கிராமங்களுக்காக வந்தது. 2024 அக்டோபர் 16இல் தொடங்கிவைத்தார்கள், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். "காவிரி வந்துவிட்டது" என்று தரகர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அந்தப் பட்டியலுக்கு வெளியே கிராமப் பஞ்சாயத்தின் கீழ் இருக்கும் ஊருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஒரு தார்ச்சாலை மட்டுமே இருக்கலாம். ஆகவே விலை பேசும் முன் கேட்க வேண்டியது: இந்த ஊர் 110இல் உண்டா, இல்லையா? உண்டு என்றால், இந்தத் தெருவில் குழாய் பதித்து இணைப்புக் கொடுத்தாயிற்றா?

பஞ்சாயத்துத் தண்ணீர் போர்வெல்லிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தெருத் தெருவாக வால்வு வழியாக இறங்குகிறது. வால்வைத் திறந்து மூடுகிறவரைக் கன்னடத்தில் நீருகண்டி என்பார்கள். ஏரி மதகைத் திறந்து வயலுக்கு நீர் பங்கிட்டவரின் பழைய பெயர் அது. இன்று அவர் கையில் இருப்பது வால்வுச் சாவி. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று அவரிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். மனை விற்பவரிடம் கிடைக்காது. தண்ணீர் இறங்குவது வெறும் சரிவை நம்பித்தான் என்பதால் பள்ளத்துத் தெரு முதலில் நிரம்பும், மேட்டுத் தெருக் குழாயில் காற்றுதான் வரும். மேட்டு மனை வாங்குகிறவர்கள் தரைத்தொட்டியை, அதாவது சம்ப்பை, தெருக் குழாயைவிடத் தாழ்வாக அமைத்து, தண்ணீர் தானாக விழும்படி விட வேண்டும்.

சிலர் தெருக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி இழுக்கிறார்கள். இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. குழாய் பல இடங்களில் சாக்கடையை ஒட்டியே போகிறது. இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாக வெளியிலிருக்கும் அழுக்கு நீர் உள்ளே புகும். அன்று தெரு முழுக்க வரும் வாடைக்கும், அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கும் காரணம் அதுதான்.

சம்ப்பின் அளவிலும் தவறு நடக்கிறது. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆறுக்கு ஆறு, ஆழம் ஆறு அடி என்றால் 6,100 லிட்டர்தான் பிடிக்கும். சிறிய டேங்கர் 6,000 லிட்டர். அடியோடு வற்றிய பிறகுதான் லாரியைக் கூப்பிட முடியும். கோடையில் கூப்பிட்ட அன்றே லாரி வருவதில்லை. எட்டுக்கு ஆறு, ஆழம் ஆறு அடி வைத்தால் 8,150 லிட்டர். இரண்டாயிரம் லிட்டர் கையிருப்பு இருக்கும்போதே லாரியை வரச்சொல்லலாம். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு சிறிய டேங்கர் பதினோரு நாள். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய், 5 முதல் 10 கிலோமீட்டர் வரை 750, 1,200. வரி தனி. வீட்டுச் செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் டேங்கர் உண்டு என்று வைத்தே போட வேண்டும்.

சொந்தமாக போர்வெல் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அடியில் இருப்பது கருங்கல் பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும்தான் நீர். பக்கத்து மனையில் கிடைத்தது நம் மனையில் கிடைக்கும் என்பதில்லை. ஆயிரம் அடி தாண்டியும் புழுதி மட்டும் வந்த இடங்கள் ஏராளம். ஆனேக்கல் தாலுகா, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்துவிட்ட தாலுகா. அனுமதியில்லாமல் துளை போடக் கூடாது. கிடைத்தாலும் கோடையில் நீர்மட்டம் மோட்டாருக்குக் கீழே போய்விடும். மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரியும். தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிறுத்தும் சாதனத்தை முதல் நாளே ஸ்டார்ட்டரோடு மாட்டிவிடுங்கள். மோட்டாரை வெளியே இழுத்து மறுபடி இறக்கும் கூலியைப் பார்த்தால் அது ஒன்றுமில்லை.

மழை நமக்குத் தாராளமாகவே பெய்கிறது. வருஷத்துக்குச் சுமார் 97 சென்டிமீட்டர். மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 2 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,860 லிட்டர். சிதறல், கழுவல் போக 1,500 சம்ப்புக்கு வரும். நாலு பேருக்கு ஏறக்குறைய மூன்று நாள். கோடை மழை தொடங்கும் முன் மாடியைப் பெருக்க வேண்டும், மழைநீர் வடிகட்டியின் மணலைக் கழுவ வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் முதல் மழையிலேயே இலையும் தூசியும் அடைத்துக்கொண்டு, நீர் எல்லாம் தெருவுக்குப் போகும். வடிகட்டாமல் மாடி நீரை நேராக போர்வெல்லுக்குள் விடவே கூடாது.

அடுத்தது கழிவுக் குழி. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. கழிவு நீரை மண்ணில் இறக்கும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், கிட்டத்தட்ட 60 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. முப்பதுக்கு நாற்பது மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தாலே 50 அடிதான். ஆக, அந்த மனைக்குள் இரண்டையும் விதிப்படி வைக்கவே முடியாது. அதற்கு மேல் அண்டை வீட்டுக் குழி வேறு. ஆகவே இந்த லேஅவுட்டுகளில் போர்வெல் நீரைப் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை.

குழி மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். உறிஞ்சு லாரி வரும் நாளில் உடைக்க வேண்டியிருக்கும். ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு ஆளைக் கொல்லும். காப்பாற்ற இறங்குகிறவரையும் கொல்லும். எத்தனை அவசரம் என்றாலும் யாரையும் இறக்காதீர்கள்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் பட்டா, சிட்டா கேட்காதீர்கள். இங்கே அது பஹணி. விவசாய நிலத்துக்கு உரியது பஹணி. ஒரு ஏக்கர் 40 குண்டா, ஒரு குண்டா 1,089 சதுர அடி. பஹணியை மட்டும் காட்டி "ஒரு குண்டா மனை" என்று விற்றால் வாங்க வேண்டாம். பஞ்சாயத்து மனைக்கு இ-ஸ்வத்து என்னும் பஞ்சாயத்துச் சொத்துக் கணினிப் பதிவின் படிவம் 9, படிவம் 11ஏ பாருங்கள். 11பி என்றால் அனுமதியில்லாத லேஅவுட் என்று பொருள். பஹணியில் "கராபு", அதாவது பயிருக்கு ஆகாத நிலம், என்று எழுதியிருந்தால் நில அளவை வரைபடத்தைக் கேளுங்கள். அது ஓடையாகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கலாம். ஏரிக்கு ஏரி நீர் போகும் ராஜகால்வாயைத் தூர்த்துப் போட்ட மனை மார்ச்சில் மைதானம் போல அழகாக இருக்கும். அக்டோபரில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றை மனதாரக் கேட்டுக்கொள்கிறோம். இது நமக்கு முன்பே பயிர் செய்து வாழ்கிறவர்களின் ஊர். நவம்பர், டிசம்பரில் ராகிக் கதிரைச் சாலையில் பரப்புவார்கள். மெதுவாக, கூடுமானால் ஓரமாகப் போங்கள். ராகித் தாள் வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையும் பக்கத்தில் இருந்தால், லேஅவுட்டில் கொசுப் புகை அடிக்கும் முன் அவர்களிடம் சொல்லுங்கள். அந்த மருந்து இலையில் படிந்தாலே புழு சாகும். ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு ஒரு சாயங்காலத்தில் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட்டியாக வேண்டும். கன்னடம் தடுமாறினாலும் போய் உட்காருங்கள். வால்வு, தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் பேசப்படுவது அங்கேதான்.

பெண்களுக்கு ஒரு செய்தி: 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தின் இலவச அரசுப் பேருந்துப் பயணம் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டைக்குத்தான். ஓசூர் முகவரியோடு ஆதார் வைத்திருப்பவர்கள் பல வருஷம் இங்கே வாழ்ந்தும் தினம் டிக்கெட் வாங்குகிறார்கள். வீடு மாறிய மாதமே முகவரியை மாற்றிவிடுங்கள்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மனை விளம்பரம் வரும் பக்கத்திலேயே பஹணி, கராபு, படிவம் 9, 11ஏ, 11பி ஆகிய சொற்களுக்குத் தமிழில் பொருள் தந்து சிறு பெட்டிச் செய்தி ஒன்றை வாராவாரம் வெளியிடுங்கள். டேங்கருக்கு அரசு விலை அறிவிக்கும் போதெல்லாம் அதையும் சேருங்கள். கோடைக்கு முன், பிப்ரவரியிலேயே தொடங்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஆனேக்கல் தாலுகாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினர்,
பெங்களூரு