பாட்டிலில் இருப்பது அதேதான், லேபிள்தான் மாறுகிறது: பள்ளி ஆய்வகங்களுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

பள்ளி ஆய்வகங்களில் உள்ள ரசாயன பாட்டில்களின் லேபிள்களை நடப்பு விதிகளின்படி சரியாக வைத்திருக்க, சில பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களும் ஆய்வக உதவியாளர்களும் சேர்ந்து ஒரு பொதுத்திட்டத்தை நடத்தி வருகிறோம். அதைத் தொடர்ந்து நடத்தப் பணம் வேண்டும். ஒரு தடவை வாங்கி வைத்தால் முடிந்துவிடும் செலவு அல்ல இது, ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவு. இப்படிப்பட்ட செலவுக்குக் கேட்பது கடினம். நுண்ணோக்கி வேண்டும் என்றால் வாங்கித் தர நல்ல மனதுள்ளவர்கள் இருக்கிறார்கள். அதில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம், திறப்பு விழாவும் வைக்கலாம். லேபிளுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரம், வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் படம். இன்று ரசாயன பாட்டில்களில் பார்க்கும் இந்தக் குறிகள் ஐ.நா. உருவாக்கிய ஜி.எச்.எஸ். என்ற பொது முறையிலிருந்து வந்தவை. நாட்டுக்கு நாடு வேறு வேறு எச்சரிக்கைக் குறிகள் இருந்த குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்று 1992 ரியோ புவி உச்சி மாநாட்டில் முடிவெடுத்தார்கள். 10 ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2002 இல் முறை ஏற்கப்பட்டு, 2003 இல் முதல் பதிப்பு வெளிவந்தது. மொத்தம் 9 படங்கள், 'அபாயம்', 'எச்சரிக்கை' என்று 2 எச்சரிக்கைச் சொற்கள், ஒவ்வொரு ஆபத்துக்கும் எண்ணிட்ட ஒரு வாசகம். பார்க்க எளிமையான ஏற்பாடு. ஆனால் இந்த நூல் 2 ஆண்டுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. 2023 இல் 10ஆம் திருத்தப் பதிப்பு வந்தது, 2025 இல் 11ஆம் பதிப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.நா.வின் நூல் தானாகவே எந்த நாட்டிலும் சட்டம் ஆகிவிடாது. ஒவ்வொரு நாடும் அதில் தனக்கு வேண்டிய பகுதிகளை எடுத்து, தன் வேகத்தில் சட்டமாக்குகிறது. ஒரு நாடு பழைய பதிப்பை ஒட்டி நிற்கும், இன்னொன்று புதியதைத் தழுவும், மூன்றாவது நாடு அதற்கும் மேலே சொந்தமாகச் சில வகைகளைச் சேர்க்கும். 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் நாளமில்லாச் சுரப்பிகளின் வேலையைக் குலைக்கும் பொருள்களுக்குத் தனி ஆபத்து வகை கொண்டுவந்தது அப்படித்தான். ஆகவே ஒரே ரசாயனத்தை இரண்டு தயாரிப்பாளர்களிடம் வாங்கினால் இரண்டு பாட்டில்களிலும் ஒரே லேபிள் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆய்வக அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மாணவர் எதை நம்புவார்?

விதி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரு பொருளைப் பற்றி நமக்குத் தெரிவது மாறினால் லேபிளும் மாறத்தான் வேண்டும். அமிலக் காரத் தரம்பார்த்தல் செய்த எல்லோருக்கும், அதில் நிறம் மாறிக் காட்டும் பினால்ப்தலீன் தெரியும். நீண்ட காலம் மலமிளக்கி மாத்திரையாகக் கடையில் விற்ற பொருள் அது. விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் அறிகுறி தென்பட்ட பிறகு 1990களின் இறுதியில் அமெரிக்கா அதை மலமிளக்கிப் பட்டியலிலிருந்து நீக்கியது. இன்று ஐரோப்பியப் பட்டியலில் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் இருக்கிறது. இதற்காகப் பயந்து அந்தச் சோதனையையே விட்டுவிட வேண்டியதில்லை. அந்த வகைப்பாடு 1 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள கலவைகளுக்குத்தான் பொருந்தும். பள்ளியில் துளித்துளியாக விடும் காட்டி பெரும்பாலும் அதைவிட நீர்த்தது. அந்தத் துளிப்பான் குப்பியில் முதலில் தெரிய வேண்டியது தீப்பற்றும் குறி, ஏனென்றால் அதில் கரைப்பானாக இருப்பது எத்தனால். அதே பொருளின் தூள் இருக்கும் டப்பாவுக்கு லேபிள் வேறு. இந்த வித்தியாசத்தைச் சரியாகப் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வேலையின் மையம்.

உயிரியல் ஆய்வகத்தில் மாதிரிகளைப் பாதுகாக்கும் பார்மலினும் இப்படித்தான். அதில் உள்ள பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் முடிவு செய்தது. அதற்கு முன்பே வாங்கிய கண்ணாடி ஜாடிகள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றின் லேபிளில் வெறும் பெயர் மட்டும்தான்.

நீர்த்தல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பள்ளி ஆய்வகத்தின் தனிப் பிரச்சினை அதுதான். தொழிற்சாலை ஒரு பொருளை வாங்கி அப்படியே பயன்படுத்தும், தயாரிப்பாளர் ஒட்டிய லேபிள் கடைசிவரை கூடவே போகும். பள்ளியில் அப்படி இல்லை. ஆய்வக உதவியாளர் ஒரு டப்பா சோடியம் ஹைட்ராக்சைடிலிருந்து பல செறிவுகளில் கரைசல் செய்து பல பாட்டில்களில் ஊற்றி வைக்கிறார். 2 மோலார் கரைசல் என்றால் லிட்டருக்கு 80 கிராம். ஐரோப்பிய வகைப்பாட்டின்படி அது தோலை அரிக்கும் பொருள்: அரிப்புக் குறி, 'அபாயம்' என்ற சொல். 0.4 மோலார் கரைசலில் லிட்டருக்கு 16 கிராம்தான். அது எரிச்சலூட்டும் வகை, ஆச்சரியக்குறிப் படமும் 'எச்சரிக்கை' என்ற சொல்லும் போதும். 0.1 மோலாரில் லிட்டருக்கு 4 கிராம், அதாவது 0.4 சதவீதம். எரிச்சலூட்டும் வகை 0.5 சதவீதத்தில்தான் தொடங்குகிறது என்பதால் இதற்கு ஆபத்துக் குறியே தேவையில்லை. மூன்று பாட்டில்களும் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். மூன்றிலும் மார்க்கர் பேனாவால் 'சோடியம் ஹைட்ராக்சைடு' என்று மட்டும் எழுதி வைத்தால் போதுமா?

எல்லாவற்றுக்கும் மேலே அரிப்புக் குறியை ஒட்டிவிட்டால் பாதுகாப்புத்தானே என்று கேட்பார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. ஆபத்தில்லாத கரைசலிலும் அதே குறி இருந்தால், கொஞ்ச நாளில் மாணவர்கள் அந்தக் குறியையே கண்டுகொள்ள மாட்டார்கள். உண்மையில் கண்ணைக் கெடுக்கும் 2 மோலார் பாட்டிலை எடுக்கும்போதும் கண்ணாடி போட மறப்பார்கள். கூடுதலாகப் பயமுறுத்தும் லேபிளும் தவறான லேபிள்தான்.

படங்களையும் சரியாகப் படிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தீச்சுவாலை மட்டும் இருந்தால் அது தீப்பற்றும் பொருள். ஒரு வட்டத்தின் மேல் தீச்சுவாலை இருந்தால் அது ஆக்சிஜனேற்றி: தான் எரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் இந்த இரண்டாவது குறி இருக்கும். கிளிசரினில் தீக்குறியே இல்லையே என்று அதையும் பெர்மாங்கனேட்டையும் ஒரே தட்டில் வைத்தால், சிந்தி ஒன்றோடொன்று கலக்கும் நாளில் தீக்குச்சியே தேவைப்படாது. அகரவரிசையில் பாட்டில்களை அடுக்கும் பழக்கம் இந்த மாதிரிப் பொருத்தங்களைத் தானாகவே உண்டாக்கிவிடும். அதனால் எங்கள் லேபிள்களின் மூலையில் எந்தப் பிரிவு அலமாரியில் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வண்ணப் பட்டையும் சேர்க்கிறோம். எந்த விதியும் இதைக் கேட்கவில்லை, எங்கள் சொந்த ஏற்பாடு.

எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் நான்கு வண்ணச் சாய்சதுரத்தில் 0 என்றால் ஆபத்து மிகக் குறைவு, 4 என்றால் மிக அதிகம். ஜி.எச்.எஸ். வகைப்பாட்டில் தலைகீழ்: வகை 1 தான் மிகக் கடுமையானது. ஒரு ரசாயனத்தின் ஆபத்துகளை விளக்கித் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத்தாளின் 2ஆம் பிரிவில் இந்த வகை எண் வரும். இரண்டு முறையையும் அரைகுறையாக அறிந்தவர் அங்கே '1' என்று பார்த்து நிம்மதி அடைந்துவிடலாம். இதற்குச் சுவரில் மாட்ட ஒரு விளக்கப்படம் தயாரித்து வருகிறோம். மாணவர்களுக்கு மட்டும் அல்ல, ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி பழைய பாட்டில்கள். 2010க்கு முன்பு ஐரோப்பாவில் தயாரான பாட்டில்கள் பலவற்றில், தீங்கு அல்லது எரிச்சல் தரும் பொருள் என்பதைக் காட்ட ஆரஞ்சு நிறச் சதுரத்தில் கறுப்புப் பெருக்கல் குறி இருக்கும். அந்தப் பெருக்கல் குறி இருக்கும் இடத்திலெல்லாம் இப்போது ஆச்சரியக்குறியைப் போட்டால் போதும் என்று நினைப்பது தவறு. எடுத்துக்காட்டாக, எக்சேனுக்கு இப்போது உடல்நலக் கேட்டைக் குறிக்கும் மனித மார்புப் படமும் வேண்டும். ஒவ்வொரு பொருளையும் தனியாகத் தேடிப் பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும். அதற்குத்தான் நேரம் போகிறது.

தேதி இல்லாத லேபிள் இதைவிட மோசம். டைஎத்தில் ஈதர் காற்றுப் பட்டு நாளாக ஆக வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளை உண்டாக்கும். எப்போது வாங்கியது, எப்போது திறந்தது என்று எழுதியிருக்காவிட்டால் அந்த பாட்டிலைத் தொடுவதற்கே யோசிக்க வேண்டும். கீட்டோன் சோதனைக்குப் பயன்படும் 2,4-டைநைட்ரோபினைல்ஹைட்ரசீனும் அப்படிப்பட்டதே. அதைத் தண்ணீரில் நனைத்த நிலையில்தான் விற்கிறார்கள், ஏனென்றால் காய்ந்துவிட்டால் அது வெடிபொருள். 2016 இல் பிரிட்டனில் பள்ளிகளும் கல்லூரிகளும் தங்கள் அலமாரிகளில் அது காய்ந்து கிடப்பதைக் கவனித்து, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்துப் பாதுகாப்பாக வெடிக்கச்செய்து அழிக்க வேண்டியதாயிற்று. அந்த பாட்டிலின் மேலே 'ஈரம் சரிபார்த்த தேதி' என்று ஒரு கட்டம் இருந்து, அதை ஒருவர் தவறாமல் நிரப்பியிருந்தால் போதும். ஐ.நா. நூலிலும் 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான், நனைத்தோ கலந்தோ அடக்கி வைத்த வெடிபொருள்களுக்குத் தனி ஆபத்து வகை சேர்ந்தது.

சரி, பணம் எதற்கு என்பதற்கு வருவோம்.

முதலில், சரிபார்ப்பவரின் ஊதியம். பள்ளிகளில் வழக்கமாக இருக்கும் பொருள்கள், அவற்றின் ஒவ்வொரு செறிவுக்கும் உரிய லேபிள் என்று ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறோம். தயாரிப்பாளர்கள் புதிய பாதுகாப்புத் தரவுத்தாள் வெளியிடும்போதெல்லாம் அதன் 16 பிரிவுகளையும் பழையதோடு ஒப்பிட்டு, எது மாறியது என்று பார்க்க வேதியியல் தெரிந்த ஒருவர் வேண்டும். இதுவரை ஆசிரியர்கள் மாலை நேரத்தில் செய்து வருகிறார்கள். தேர்வுக் காலத்தில் இந்த வேலை நின்றுவிடுகிறது, விதி நிற்பதில்லை. பகுதி நேரமாகவாவது ஒருவரை அமர்த்த விரும்புகிறோம். நன்கொடையில் பெரும்பங்கு இதற்கே போகும், அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்தது அச்சு. சாதாரணக் காகித ஒட்டியில் இங்க்ஜெட் அச்சு, ஒரு ஈரக் கை பட்டாலே கலையும். லேசர் அச்சு தண்ணீரைத் தாங்கும், அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும். அடர் அமில பாட்டில்களின் லேபிள் ஆவியிலேயே மங்கி உரியும். ரசாயனம் தாங்கும் பாலிபுரொப்பிலீன் ஒட்டியும் அதற்கேற்ற அச்சுப்பொறியும் இருந்தால் ஒட்டியது நிற்கும். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாக இவற்றை வாங்குவது வீண். ஒரு அச்சுப்பொறி எல்லோருக்கும் போதும். சிறிய குப்பிகளுக்கு எழுத்தைப் படிக்கும்படி வைப்பதும் ஒரு கலை. ஐரோப்பிய விதி 125 மில்லிக்குள் அடங்கும் கலன்களுக்குச் சில வாசகங்களை விட்டுவிட இடம் தருகிறது, ஆனால் எதை விடலாம் என்பது ஆபத்து வகையைப் பொறுத்தது.

அப்புறம், என்னவென்றே தெரியாத பாட்டில்கள். இவற்றுக்கு எந்த லேபிளும் ஒட்ட முடியாது. கழுவுதொட்டியில் ஊற்றவும் கூடாது. உரிமம் பெற்ற கழிவு அகற்றுவோரிடம்தான் கொடுக்க வேண்டும், அவர்கள் தெரியாத பொருளைச் சோதித்த பிறகே எடுப்பார்கள். இதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கி வைக்கிறோம். தங்கள் பள்ளிக்கென்றே கொடுப்பவர்களின் பணம் இந்தத் தலைப்பில் சேராது, பொது நன்கொடை மட்டுமே சேரும்.

பெரிய தொகையை ஒருமுறை தருவதைவிட, சிறிய தொகையை ஆண்டுதோறும் தருவது எங்களுக்கு அதிகம் உதவும். அடுத்த திருத்தப் பதிப்பு வரும்போதும் இந்த வேலையைச் செய்ய ஆள் இருப்பார் என்று அப்போதுதான் பள்ளிகளுக்கு உறுதி கூற முடியும். தொகை எவ்வளவாக இருந்தாலும் ரசீது உண்டு. ஆண்டு முடிவில் வரவு செலவையும், அந்த ஆண்டில் எந்தெந்தப் பொருள்களின் லேபிள் ஏன் மாறியது என்ற பட்டியலையும் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம். நன்கொடை தராத பள்ளிகளுக்கும் லேபிள்கள் இலவசமாகவே போகும், அதில் எந்த வேறுபாடும் காட்டமாட்டோம்.

பணமாகத் தர முடியாதவர்களிடமும் கேட்கிறோம். தொழிற்சாலையிலோ மருந்து நிறுவனத்திலோ ரசாயனப் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்பவர் என்றால், எங்கள் பதிவேட்டின் ஒரு பகுதியைச் சரிபார்த்துத் தாருங்கள். வடிவமைப்பாளர் என்றால் சுவர் விளக்கப்படத்துக்கு உதவுங்கள், ஆனால் குறிகளின் நிறத்தையும் வடிவத்தையும் அழகுக்காகக்கூட மாற்ற முடியாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறோம். தலைமையாசிரியர் என்றால் உங்கள் ஆய்வக உதவியாளருக்கு இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்க வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரமும் எங்கள் கணக்கில் நன்கொடைதான்.

இந்த வேண்டுகோளை உங்களிடம் கொடுத்த குழு உறுப்பினரிடமே நன்கொடையைப் பற்றிப் பேசலாம், ரசீதும் அவரிடமே கிடைக்கும். புதிய கல்வியாண்டுக்கான கரைசல்களைத் தயாரிக்கத் தொடங்கும் முன்பு லேபிள்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும், ஆகவே ஆண்டு விடுமுறைக்கு முன்பே சொல்லிவிட்டால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்.

நன்றியுடன்,
குழுவினர்