பாகவதர் வழக்கு பற்றி

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்கு வேலை கிடைத்த சேதியை லலிதாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். என் முழங்கால் வலி பரவாயில்லை. மலைக்கோட்டைப் படியேறுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிய பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில், நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும்தான் ஆளை ஏவியிருப்பார்கள், "நெருப்பில்லாமல் புகையுமா" என்று கேட்டிருக்கிறாய். பாகவதர் கிராப்போடு திரிந்தவர் என் அப்பா, அதனால் நான் ஒருபக்கம் சாய்வேன் என்று நினைப்பாய். நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவன் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

குத்தியது யார், ஏவியது யார் என்பவை வேறு வேறு கேள்விகள். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் வக்கீல் நண்பர் வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் திரும்பும்போது லட்சுமிகாந்தன் குத்துப்பட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரிக்‌ஷாவை நிறுத்தி, போலீசில் தானே புகார் கொடுத்திருக்கிறார். மறுநாள் விடிகாலை உயிர் போய்விட்டது. அவர் எழுதியது எத்தனை அருவருப்பானதாக இருந்தாலும், ரத்தம் வடிய அந்த மனிதர் புகார் கொடுத்ததை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

நீ பெரிதாகச் சொல்வது பகைமையை. பாகவதர், என்.எஸ்.கே., பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்து, லட்சுமிகாந்தனின் 'சினிமா தூது' பத்திரிகையின் லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். அதன் பிறகுதான் அவர் 'இந்து நேசன்' நடத்தினார். மனு பகைக்குச் சாட்சி என்றால், சட்டத்தின் வழியே போகத் தெரிந்தவர்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. அவர் பேனாவில் சிக்கிய அத்தனை பேருக்கும் அதே ஆத்திரம் இருந்திருக்கும். பட்டணத்தில் பாதிப்பேருக்குப் பொருந்துகிற காரணத்தை வைத்து இரண்டு பேரைப் பிரித்தெடுக்க முடியாது. அந்த மனுவில் சேர்ந்த நாயுடுவே முதல் விசாரணையில் விடுதலையானாரே!

பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் அந்த தீபாவளிக்குத்தான் வந்தது, உச்சத்தில் இருப்பவர் இதைச் செய்வாரா என்று அப்பா வாதாடுவார். உச்சத்தில் இருப்பவனுக்குத்தான் பெயர் கெடும் பயம் அதிகம் என்று நீ சொல்வாய். இரண்டையும் ஓரமாக வை, அவை ஊகம்.

மிஞ்சுவது அப்ரூவர், அதாவது மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய குற்றவாளி, ஜெயானந்தனின் வாக்குமூலம். தன் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றப் பேசுகிறவன் சொல் அது. முக்கியமான விஷயங்களில் வேறு சாட்சி அதைத் தாங்கவேண்டும். அதுவும் இன்னாரைச் சம்பந்தப்படுத்துகிற இடத்திலேயே தாங்கவேண்டும். கத்திக்குத்து நடந்தது உண்மை என்பதால் சதி நடந்ததும் உண்மையாகிவிடாது.

1945இல் பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் ஜூரி குற்றவாளி என்றது, ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் அப்பீலைத் தள்ளியது. அப்போது மேல் முறையீட்டுக்குக் கடைசி இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் இருவரும் விடுவித்தார்கள். சாட்சி போதாமல் விட்டதுதானே என்கிறாய். ஆமாம். இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தவர்களிடம் அதற்கு மேல் என்ன நிரூபணம் கேட்பாய்? ஏவியது யார் என்ற இடத்தில் நான் எந்தப் பெயரையும் எழுதமாட்டேன்.

லலிதா காபிக்குக் கூப்பிடுகிறாள். பொங்கலுக்கு வரும்போது, என்.எஸ்.கே.யைப் பற்றி உன் மாமா சொன்ன விஷயத்தை முழுசாகச் சொல். அவர் அதை நேரில் பார்த்தாரா, யாரோ சொல்லிக் கேட்டாரா என்று அவரிடமே விசாரித்துவிட்டு வா.

அன்புடன்,
ராமு